கண்ணில் தூசி விழுந்தா ஏன் உடனே டாக்டரிடம் ஓடணும்? மதுரை டாக்டர் வி விட்டுச் சென்ற பாடம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கிரைண்டிங் மெஷினில் நிற்பவர் கண்ணில் ஒரு இரும்புத் துகள் தெறிக்கிறது. பொன்னேரி பக்கம் கதிர் அடிக்கும் களத்தில் ஒருவர் கண்ணில் நெல் சுணை குத்துகிறது. பெரும்பாலும் அடுத்து நடப்பது ஒன்றுதான். கண்ணைக் கசக்கிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். மிஞ்சிப்போனால் பக்கத்தில் இருப்பவர் துணி முனையால் துகளை எடுத்துவிடுவார்.

பல நேரம் அதோடு சரியாகிவிடும். ஆகாமல் போனால்தான் சிக்கல். கருவிழியில் விழுந்த கீறல் வழியாகக் கிருமி உள்ளே இறங்கும். சில நாட்களில் அங்கே வெள்ளையாகப் புண் வரும். புண் ஆறினாலும் தழும்பு நின்றுவிடும், பார்வை மங்கும்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. அது சரியான நேரத்தில், தேவையான அளவில் கண்ணுக்குப் போய்ச் சேருவதுதான் கஷ்டம். சிகிச்சையை ஏழைகளின் கண் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஒரு தமிழர் இருந்தார். அவர்தான் டாக்டர் வி என்று அழைக்கப்பட்ட கோவிந்தப்ப வெங்கடசாமி.

யார் இந்த டாக்டர் வி?

1918 அக்டோபர் 1-ம் தேதி, எட்டயபுரம் அருகே உள்ள அயன் வடமலாபுரம் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் எழுத நோட்டு, பென்சில் கிடையாது. ஆற்று மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படித்தார்.

சொந்தக்காரப் பெண்கள் மூன்று பேர் பிரசவ காலத்தில் அடுத்தடுத்து இறந்தது அவரை உலுக்கியது. மகப்பேறு டாக்டர் ஆகணும் என்று முடிவு செய்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்துவிட்டு, 1944-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். பிறகு ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

அங்கேதான் வாழ்க்கை திசை மாறியது. கடுமையான முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. விரல்கள் கோணி, பேனா பிடிக்கவே முடியாத நிலை. ராணுவ வேலை போனது, மகப்பேறு டாக்டர் கனவும் போனது.

கோணிய விரல்களால் ஒரு லட்சம் ஆபரேஷன்

எழுந்து நடக்க ஆரம்பித்ததும் கண் மருத்துவம் படித்தார். கோணிய விரல்களுக்கு ஏற்ற மாதிரி கருவிகளை மாற்றிக்கொண்டு, அறுவை சிகிச்சைக் கத்தியைப் பிடிக்கப் பழகினார். மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் 20 ஆண்டுகள் கண் பிரிவுத் தலைவராக இருந்தார். கிராமம் கிராமமாகப் போய்க் கண் முகாம் நடத்தினார். வாழ்நாளில் அவர் செய்த கண் ஆபரேஷன்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 1973-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

1976-ல் 58 வயதில் ரிட்டையர் ஆனார். ஆனால் வீட்டில் உட்காரவில்லை. தம்பி, தங்கைகளைச் சேர்த்துக்கொண்டு மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கட்ட முடிந்தவர்கள் கட்டுவார்கள், முடியாதவர்களுக்கு இலவசம். அந்த வருமானத்திலேயே இந்த இலவச சிகிச்சையும் நடக்கும் என்பதுதான் கணக்கு.

இந்தக் கணக்கில் ஒரு இடைஞ்சல் இருந்தது. சிகிச்சை மலிவாக இருந்தாலும் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டில் இருந்து வரணும், விலையும் எட்டாத உயரத்தில் இருந்தது. அதனால் 1992-ல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனம் மதுரையிலேயே உருவானது. லென்ஸில் ஆரம்பித்து, தையல் நூல், கண் மருந்துகள் என்று அது விரிந்தது.

டாக்டர் வி எந்த மருந்தையும் கண்டுபிடிக்கவில்லை. அவர் கண்புரை சர்ஜன். ஆனால் கண் தொற்று சிகிச்சையில் பெரிய பெரிய கேள்விகளுக்கு விடை தேடும் இடமாக அவர் உருவாக்கிய மருத்துவமனை மாறியது.

சொட்டு மருந்து விட்டால் போதாதா?

ஒரு சொட்டு மருந்தில் சுமார் 30 முதல் 50 மைக்ரோலிட்டர் இருக்கும். இமைக்குள் தங்கக்கூடிய அளவோ சுமார் 30 மைக்ரோலிட்டர்தான். மீதி கன்னத்தில் வழிந்துவிடும். தங்கியதையும் கண்ணீர் கரைத்து மூக்குக்குள் இழுத்துக்கொண்டு போகும். கடைசியில் கண்ணுக்குள் நுழைவது 5 சதவீதத்துக்கும் குறைவு.

அதனால்தான் கருவிழிப் புண்ணுக்கு மணிக்கு ஒரு தடவை, ராத்திரியிலும்கூட எழுப்பி மருந்து விடச் சொல்கிறார்கள். பூஞ்சைத் தொற்று என்றால் இன்னும் சிரமம். அதற்கான நாட்டமைசின் மருந்து கருவிழியின் ஆழத்துக்கு எளிதில் இறங்காது. பாட்டிலின் அடியில் படிந்து நிற்கும் மருந்து என்பதால், குலுக்கித்தான் விடணும்.

மதுரையில் தெரிய வந்தது என்ன?

1994-ல் மூன்றே மாதத்தில் கருவிழிப் புண்ணோடு அரவிந்துக்கு வந்த 434 பேரைப் பரிசோதித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேருக்குக் கண்ணில் அடிபட்டுத்தான் புண் வந்திருந்தது. கிருமி உறுதியானவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பாக்டீரியா, அதே அளவு பேருக்குப் பூஞ்சை. அதாவது, பாக்டீரியாவுக்கான சொட்டு மருந்தை மட்டும் எழுதிக் கொடுத்தால் பாதிப் பேருக்கு அது வேலை செய்யாது.

மதுரை மாவட்டத்தில் வருடத்துக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக இன்னொரு கணக்கெடுப்பு சொன்னது. அமெரிக்காவில் பதிவானதைவிட இது சுமார் 10 மடங்கு.

பூஞ்சைக்கு எந்த மருந்து நல்லது? அரவிந்த் டாக்டர்களும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பிராக்டர் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 323 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். புதிய மருந்தான வோரிகொனசோலைவிட, பழைய நாட்டமைசினே நல்ல பலன் தந்தது என்று 2013-ல் முடிவு வெளியானது. 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நாட்டமைசின் சேர்ந்தது.

கிராமத்துக்கே போன களிம்பு

புண் வந்த பிறகு போராடுவதைவிட, கீறல் விழுந்த உடனே தடுக்க முடியுமா? மதுரை மாவட்டக் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டருகிலேயே பரிசோதித்து, கருவிழியில் கீறல் இருந்த 374 பேருக்கு மூன்று நாள் கண் களிம்பு போட்டார்கள். கிட்டத்தட்ட எல்லோருக்கும் பிரச்சினை இல்லாமல் ஆறியது. 2006-ல் இந்த முடிவு வெளியானது. ஆனால் நேபாளத்தில் இதே மாதிரியான திட்டத்தைப் பெரிய அளவில் நடத்திப் பார்த்தபோது, புண் வருவது குறையவில்லை என்று 2022-ல் தெரியவந்தது. கேள்வி இன்னும் முடியவில்லை.

2006 ஜூலை 7-ம் தேதி, 87 வயதில் டாக்டர் வி காலமானார். அவர் போன பிறகும் வேலை நிற்கவில்லை. கண்புரை ஆபரேஷன் முடிந்ததும் மாக்சிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை நேரடியாகக் கண்ணுக்குள்ளேயே செலுத்தும் முறையை அரவிந்த் கொண்டு வந்தது. கன்னத்தில் வழிவது, கண்ணீரில் கரைவது என்ற பேச்சே இதில் இல்லை. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களை ஆராய்ந்ததில், கண்ணுக்குள் கடுமையான தொற்று வருவது 0.07 சதவீதத்தில் இருந்து 0.02 சதவீதமாகக் குறைந்திருந்தது. அதாவது 10 ஆயிரம் பேரில் 7 பேருக்கு வந்தது 2 பேராகக் குறைந்தது.

திருவள்ளூர்க்காரர்கள் என்ன செய்யணும்?

2017-ல் பூந்தமல்லி அருகே நூம்பலில் அரவிந்த் மருத்துவமனை திறக்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளிலும் கண் பிரிவு இருக்கிறது. ஆனால் அங்கே போகும் வரை நடப்பதுதான் பல நேரம் பார்வையைத் தீர்மானிக்கிறது.

• கண்ணில் துகள் பட்டால் கசக்காதீங்க. சுத்தமான தண்ணீரால் கழுவுங்க. குத்தி நிற்கும் துகளைத் துணி, குச்சி, ஊசியால் எடுக்கவே கூடாது.

• தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதையும் கண்ணில் ஊற்றாதீங்க.

• மெடிக்கல் ஷாப்பில் நீங்களே கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம். சிவப்பும் வலியும் குறைந்த மாதிரி தெரியும், உள்ளே பூஞ்சை வளரும்.

• உறுத்தல், கூச்சம், சிவப்பு அடுத்த நாளும் இருந்தால் தாமதிக்காமல் கண் டாக்டரைப் பாருங்க. பார்வை மங்கினாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ, இரும்புத் துகள் வேகமாகத் தெறித்துப் பட்டாலோ அன்றைக்கே போகணும்.

• கிரைண்டிங், வெல்டிங் செய்பவர்கள், கதிர் அடிப்பவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டால் பெரும்பாலான காயங்களைத் தவிர்க்கலாம்.

கண்ணாடியை மறந்த நாளில் துகள் பட்டுவிட்டால், அன்றைய கூலி போகுமே என்று யோசிக்க வேண்டாம். நேரத்தோடு போனால் பெரும்பாலும் சில நாள் மருந்தோடு முடிந்துவிடும். தள்ளிப்போட்டால், கருவிழி மாற்று அறுவை சிகிச்சை வரைகூடப் போகலாம்.