உழவர்க்கு உதவிய பொறியறிஞர் ஹாரி பெர்குசன்

போர்க்களத்தில் வெற்றி கண்டோர் வரலாறுகளை யாம் பெரிதும் பயில்கின்றோம். செஞ்சிக் கோட்டையைக் காண்போரும் தேசிங்கு மன்னனின் வீரத்தையே பேசித் திரும்புவர். செஞ்சிப் பக்கத்துத் தொண்டூர் முதலிய சிற்றூர்களில் நெல்லும் மணிலாவும் விளைத்து நாட்டை ஊட்டும் உழவரையோ, அவர்தம் உழைப்பை எளிதாக்கிய அறிஞரையோ நினைப்பவர் சிலரே. இந்நாளில் வயலில் உழும் டிராக்டரின் பின்புறத்தே கலப்பையைத் தாங்கி நிற்கும் மூன்று இரும்புக் கைகளைப் பலரும் கண்டிருப்பர். அவ்வமைப்பை உலகுக்கு அளித்தவர் ஹாரி பெர்குசன் என்னும் அயர்லாந்துப் பெருமகனார். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

அவர் 1884-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4-ஆம் நாள், அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள குரோவெல் என்னும் சிற்றூரில் உழவர் குடியொன்றிற் பிறந்தார். தந்தையார் சமய ஒழுக்கத்தில் மிகக் கண்டிப்பானவர். மகனார்க்கோ அக்கண்டிப்பும் பொருந்தவில்லை. பண்ணை வேலையும் பொருந்தவில்லை. ஆதலின் 1902-இல் பெல்பாஸ்ட் நகரெய்தித் தமையனாரின் வண்டி பழுதுபார்க்கும் தொழிற்கூடத்திற் சேர்ந்தார். மிதிவண்டியும் மோட்டார் வண்டியுமே அவர்க்குப் பாடநூல்களாயின. 1909-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், தாமே அமைத்த விமானத்தில் ஏறி ஏறக்குறைய 130 கஜ தூரம் பறந்தார். அயர்லாந்தில் விமானம் செலுத்திய முதல்வர் அவரே.

பின்னர் முதல் உலகப் போர் மூண்டது. உணவு விளைவைப் பெருக்குதல் இன்றியமையாததாயிற்று. 1917-இல் அயர்லாந்து வேளாண்மைத் துறையார், டிராக்டர்கள் செவ்வனே வேலை செய்யுமாறு பார்க்கும் பொறுப்பை அவரிடம் ஒப்புவித்தனர். பண்ணையை வெறுத்து நீங்கியவர் பண்ணைக்கே மீண்டார்.

அந்நாளில் கலப்பையை வண்டிபோல் டிராக்டரின் பின்னே கட்டி இழுத்தனர். கொழு கல்லிலோ வேரிலோ சிக்குமாயின், பின்சக்கரம் சுழலமாட்டாது நிற்க, டிராக்டரின் முன்பக்கம் மேலெழும்பி ஓட்டுநர்மேற் கவிழ்வதுண்டு. அவ்வாறு உயிரிழந்தோரும் உளர். இக்கேட்டை நீக்கப் பெர்குசன், வில்லி சாண்ட்ஸ் என்னும் உதவியாளருடன் பல்லாண்டு பாடுபட்டார். கீழே இரண்டும் மேலே ஒன்றுமாக மூன்று கைகளால் கலப்பையை டிராக்டரோடு பிணைத்தார். மண்ணின் எதிர்ப்பு மேற்கையின் வழியே முன்னோக்கித் தள்ளி, முன்பக்கம் எழாதவாறு தடுத்தது. கலப்பையின் பாரம் பின்சக்கரங்களின்மேல் ஏறி, அவை வழுக்காது நிலத்தைப் பற்றச் செய்தது. ஆகவே சிறிய டிராக்டரே பெரிய வேலையைச் செய்யலாயிற்று. இவற்றோடு எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கருவியொன்றும் சேர்ந்தது. மண்ணின் எதிர்ப்பு மிகின் அது கலப்பையைச் சிறிதே உயர்த்தும், குறையின் தாழ்த்தும். மேழி பிடித்த உழவன் கடுநிலத்திற் கையைத் தளர்த்தி, இளகிய நிலத்தில் அழுத்துவது போன்றதே இது. இம்முறைக்கு அவர் 1926-இல் காப்புரிமை பெற்றார்.

1938-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் டியர்பார்ன் நகரில், ஹென்றி போர்டு முன்னிலையில் தம் டிராக்டரை உழுது காட்டினார். போர்டு வியந்தார். இருவரும் எழுத்தொப்பந்தம் யாதுமின்றிக் கைகுலுக்கிக் கூட்டுறவு கொண்டனர். 1939 முதல் அவ்வகை டிராக்டர்கள் 3 லட்சத்துக்கும் மேலாக வெளிவந்தன. ஆயின் நிருவாகம் போர்டின் பேரரிடம் சென்றபின், 1947-இல் அக்கூட்டுறவு அறுந்தது; பெர்குசன் அமைத்த முறையோடு புதிய டிராக்டர் ஒன்றும் வெளிவந்தது. எழுத்தில்லாச் சொல்லை நம்பியவர் வழக்குமன்றம் ஏறினார். நான்காண்டு வழக்காடி, 1952-இல் 92½ லட்சம் டாலர் பெற்றார். அவர் கேட்ட தொகையை நோக்க இது மிகச் சிறிதே. எனினும் அவர்தம் உரிமை நிலைபெற்றது.

இதற்கிடையே 1946-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் டி.இ.20 என்னும் சாம்பல்நிற டிராக்டர் அவர் பெயரால் வெளிவரத் தொடங்கியது. 1956-க்குள் அவ்வகையில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பெற்றன. எட்மண்ட் ஹில்லாரி குழுவினர் 1958 ஜனவரி 4-ஆம் நாள் தென்துருவம் அடைந்ததும் இவற்றுள் மூன்றைக் கொண்டே. இன்றும் அயல்நாடுகளில், புதர்மறைவில் துருவேறிக் கிடக்கும் பெர்குசன் டிராக்டர்களைத் தேடிக்கண்டு, பழுது நீக்கி, பழைய நிறம் தீட்டி ஓட்டி மகிழ்வோர் பலர். எளிய அமைப்பினதாதலின் அஃது எளிதில் உயிர்பெறுகின்றது.

1953-இல் அவர்தம் நிறுவனம் மாசி-ஹாரிஸ் நிறுவனத்துடன் இணைந்தது. பின்னர் அது மாசி பெர்குசன் எனப் பெயர்பெற்றது. 1960 அக்டோபர் 25-ஆம் நாள் பெர்குசன் காலமானார். அவ்வாண்டிலேயே சென்னையில், மாசி பெர்குசன் கூட்டுறவுடன் டாபே நிறுவனம் தோன்றியது. அவ்வழியே அவர் பெயர் தமிழகத்து வயல்களிலும் புகுந்தது.

பெர்குசன் குறையற்றவர் அல்லர். பிடிவாதமும் முன்சினமும் உடையவர், நண்பரோடும் பிணங்கியவர். உழவுப்பொறி மலிந்தால் உணவின் விலை தாழும், வறுமை ஒழியும் என்று அவர் உறுதியாக நம்பினார். உணவு பெருகியது உண்மையே, வறுமையோ ஒழிந்திலது. டிராக்டரால் ஏர்க்கூலி இழந்து பிறவூர் சென்றாரும் உளர். பொறி செய்வது ஓர் அறிஞரால் முடியும். அதன் பயனை எல்லார்க்கும் பகிர்ந்தளிப்பது சமுதாயத்தின் கடன். அவர் தம் பங்கைச் செய்து முடித்தார். எஞ்சியது கல்வி கற்கும் நம்மனோர் பங்கென்பதை, மாணவ நண்பர்காள், மறவாதிருப்போமாக.