பௌதிகப் பேரறிஞர் கே. எஸ். கிருஷ்ணன்

ஆண்டாள் அவதரித்த தலமெனப் புகழ்பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அண்மையில், மேற்கு மலையடிவாரத்தே வத்திராயிருப்பு என்னும் சிற்றூர் உளது. 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் அவ்வூரில் தோன்றினார். தந்தையார் உழவையும் கல்வியையும் ஒருங்கே பேணியவர். கிருஷ்ணன் தம் ஊரிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளியிலும் பயின்று, பின்னர் மதுரை அமெரிக்கன் கல்லூரியையும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியையும் அடைந்தார். மிஷன் கல்லூரிகள் இரண்டு அவரை உருவாக்கின என்பது நாம் நினைந்து மகிழத்தக்கதாம்.

சென்னையில் இரசாயனப் பயிற்சியாளராய்ப் பணியாற்றிய காலத்து, நண்பகல் உணவு வேளையில் மாணாக்கரைக் கூட்டி, பௌதிகம், கணிதம், இரசாயனம் ஆகியவற்றில் எவ்வினாவையும் எழுப்ப இடந்தந்தார். பிற கல்லூரி மாணாக்கரும் அக்கூட்டத்தை நாடி வந்தனர்.

1920இல் கல்கத்தா சென்று சி. வி. இராமனுடன் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். திரவத்திற் பாயும் ஒளி சிதறுங்கால் அதன் நிறம் மாறுமோ என்பதே அங்கு எழுந்த பெரு வினா. சூரியவொளியைத் தொலைநோக்கியின் கண்ணாடியாற் குவித்து, நீலவூதாக் கதிரை மட்டும் விடும் கண்ணாடி வழியே திரவத்திற் செலுத்தினர். சிதறிய ஒளியை, நீலவூதாவை முற்றும் தடுக்கும் பிறிதொரு கண்ணாடி வழியே நோக்கினர். நிறம் மாறாதாயின் இருளே தோன்ற வேண்டும். ஆனால் மங்கிய ஒளி தோன்றிற்று. அழுக்குக் கலந்த திரவம் தானே ஒளிர்தலும் உண்டாதலின், திரவங்களை வெற்றிடத்தில் வடித்துத் தூய்மை செய்து மீண்டும் பார்த்தனர், ஒளி மறைந்திலது. ஏறத்தாழ அறுபது திரவங்களில் அதனைக் கண்டனர். 1928 பிப்ரவரி 16ஆம் நாளிட்டு இருவரும் எழுதிய குறிப்பு, மார்ச் 31ஆம் நாள் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது.

1930ஆம் ஆண்டின் நோபெல் பரிசு இராமனுக்கு வழங்கப்பெற்றது. அவ்விளைவும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. கிருஷ்ணனோ அதற்கு முன்பே டாக்கா சர்வகலாசாலை சென்று, படிகங்களின் காந்த இயல்பை ஆராயத் தொடங்கியிருந்தார். அத்துறையில் அவர் பெற்ற வெற்றி தனிப் புகழ் தந்தது. 1940இல் இலண்டன் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக ஏற்றது. 1942இல் அலகாபாத் சர்வகலாசாலையில் பேராசிரியரானார். கடுவெப்பத்தில் அணுக்கள் எலெக்ட்ரான்களை இழக்கும் அளவைக் கணக்கிட 1920இல் வழி கண்ட மேகநாத் சாஹா முன்னர் விளங்கிய இடம் அது. 1947இல் டில்லி தேசீயப் பௌதிக ஆராய்ச்சிசாலையின் முதல் இயக்குநராகி, வெப்பமேறிய திண்பொருளினின்று எலெக்ட்ரான்கள் வெளிப்படுதலையும் ஆராய்ந்தார். 1961 ஜூன் 14ஆம் நாள் மறைந்தார்.

அதற்கு முந்திய ஆண்டில்தான் லேசர் ஒளி பிறந்தது. இன்று ஆற்றல் மிக்க லேசர் கதிர்களைச் சிறு இலக்கிற் குவித்து, அணுக்களினின்று எலெக்ட்ரான்கள் பிரிந்த பிளாஸ்மா நிலையை உண்டாக்குகின்றனர். கலிபோர்னியாவில் 2022 டிசம்பர் 5ஆம் நாள் 192 கதிர்கள் 2.05 மெகாஜூல் ஆற்றலை இலக்கிற் செலுத்த, அணுக்கருச் சேர்க்கையால் 3.15 மெகாஜூல் வெளிப்பட்டது. இத்தகைய சோதனைகளில் ஒளியின் ஒரு பகுதி, பிளாஸ்மாவில் எலெக்ட்ரான் அலைகளை எழுப்பி, அதிர்வெண் குறைந்து சிதறிப் போகின்றது. திரவத்தில் மூலக்கூறுகளின் அதிர்வு செய்வதை ஈண்டு எலெக்ட்ரான் அலை செய்கின்றது. ஆதலின் அதற்கும் இராமன் சிதறல் என்றே பெயர். அஃது ஆற்றலைக் களவாடும் இடையூறாயினும், அச்சிதறிய ஒளியே பிளாஸ்மாவின் உள்நிலையையும் காட்டிக் கொடுக்கின்றது.

நண்பர்காள்! பெருங்கருவிகள் இல்லையே எனச் சிற்றூர் மாணாக்கர் சோர்வுறுதல் இயல்பு. கல்கத்தாவில் அன்று இருந்தவை சூரியவொளியும், சில கண்ணாடிகளும், இருளிற் பழகிய கண்களுமே. ஐயம் தீருமட்டும் அறுபது முறை நோக்கிய அப்பொறுமை நம் ஆய்வுக்கூடங்களிலும் கைகூடற்கு அரியதன்று.