நீதிமன்றத்தில் தமிழ் கேட்ட முன்சீப்

தமிழின் முதல் நாவலைப் படைத்தவர் என்று மாயூரம் வேதநாயகம் பிள்ளையை இலக்கிய உலகம் போற்றுகிறது. அவர் வாழ்வின் வலிமை மிக்க ஆண்டுகள் நீதிமன்றத்தில் கழிந்தன என்பதும், அங்குக் கண்ட குறையே அவர் எழுத்தின் ஒரு பகுதியை வளர்த்தது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, பின்னர் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். சீர்காழிக்குப் பின் மாயூரத்தில் 13 ஆண்டுகள் அப்பதவியில் விளங்கினார்.

சட்டமும் மேல்மன்றத் தீர்ப்புகளும் ஆங்கிலத்தில் இருந்தன. நிலத்தையும் பொருளையும் பணயமாக வைத்து வழக்காடிய குடியானவனுக்கு, தான் வென்றதும் தோற்றதும் எதனால் என்பது விளங்கவில்லை. இந்நிலையை மாற்றச் சட்டம் இயற்றும் அதிகாரம் ஒரு முன்சீபுக்கு இல்லை. மேல்மன்றத்தின் முடிவை மீறவும் இயலாது. பதவியைத் துறந்து வெளியே நின்று கண்டிக்கலாம். ஆனால் எளியவர் தம் வழக்கோடு வந்து நிற்கும் இடம் அந்த மன்றமே. ஆகவே பதவியில் இருந்தபடியே எழுதுகோலை எடுத்தார்.

1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கித் தந்தார். ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் அந்நூல் 1862இல் வெளிவந்தது; சென்னை உயர்நீதிமன்றம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். சட்டத்தைத் தமிழ் தாங்குமோ என்ற ஐயத்துக்கு அந்நூலே விடையாயிற்று. அதற்கு முன்பே, 1859இல், ‘நீதிநூல்’ வழியே அறநெறியைச் செய்யுளில் பாடியிருந்தார்.

பணியிலிருந்து விலகிய பின், 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்தது. நீதிபதியும் வக்கீலும் கட்சிக்காரரும் தமிழராயிருக்க, வாதம் மட்டும் ஆங்கிலத்தில் நடக்கும் விந்தையை அதில் நகைச்சுவையோடு இடித்துரைத்தார். தீர்ப்பில் சொல்ல முடியாததைக் கதையில் சொன்னார்.

புலவர் உலகம் அவரைத் தன்னவராகவே கொண்டது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது ‘குளத்துக் கோவை’ பாடினார். தாது ஆண்டுப் பஞ்சத்தில் தம் பொருளைப் பசித்தவர்க்கு ஈந்த அவரது கொடையைக் கோபாலகிருஷ்ண பாரதியார் இசையில் புகழ்ந்தார்.

1889ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் மறைந்தார். கீழ் நீதிமன்றங்களில் தமிழில் தீர்ப்பெழுத வழிசெய்த சட்டத்திருத்தம் 1976இல் வந்தது. உயர்நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியும் அது கைகூடவில்லை. அவர் தொடங்கிய வழக்கு இன்னும் நிலுவையில் உள்ளது.