படியெடுத்துப் பழகிய ஓவியர்: ஜான் கான்ஸ்டபிள்

நம் காலனிச் சிறுமி ஒருத்தி, நாட்காட்டியில் இருந்த இயற்கைக் காட்சி ஒன்றை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிக் கொணர்ந்து காட்டினாள். பார்த்துப் போட்ட படந்தானே என்று பெரியவர் ஒருவர் ஒதுக்கிவிட்டார். அவள் முகம் வாடிற்று. படியெடுத்தல் அத்துணை இழிவான செயலா? அலுவலகத்தில் பதிவேடுகளைப் படியெடுத்தே காலங் கழிக்கும் நமக்கு இவ்வினா உறைக்காமற் போகுமா? ஆங்கில நாட்டு ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் வரலாறு இதற்கு நல்ல விடை பகரும்.

1776ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள், சஃபோக் பகுதியிலுள்ள ஈஸ்ட் பெர்கோல்ட் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் கோல்டிங் கான்ஸ்டபிள் மாவு ஆலைகளும் தானிய வாணிகமும் உடைய செல்வர். மகன் தம் தொழிலை ஏற்க வேண்டுமென்பது அவர் அவா. மகனும் சில காலம் ஆலையில் உழைத்தார். உள்ளமோ தூரிகையை விட்டு அகலவில்லை.

அண்டை ஊராகிய டெடமில் வாழ்ந்த தம் அன்னையாரைக் காண வந்து செல்வார் சர் ஜார்ஜ் போமாண்ட் என்னும் கலையன்பர். குளோட் லொரேன் 1646இல் தீட்டிய ஆகாரும் தேவதூதனும் என்ற சிறு ஓவியத்தைப் பயணங்களிலும் பிரியாது உடன் கொண்டு செல்பவர் அவர். அதனை இளைஞர் கான்ஸ்டபிள் கண்டார். கண்டது முதல் அதற்கு ஆட்பட்டார்.

1799இல் இலண்டன் ராயல் அகாடமிப் பள்ளியை அடைந்தார். அம்மாணவப் பருவத்தில் குளோடின் அவ்வோவியத்தையும், ரூய்ஸ்டேல் முதலியோர் படங்களையும் படியெடுத்துப் பயின்றார். முன்னே நிற்கும் மரத்தின் கருநிழல், நடுவே ஒளிரும் ஆறு, தொலைவில் நீலமாய்க் கரையும் மலை ஆகிய மூன்றையும் கித்தானில் இணைப்பது எங்ஙனம் என்பதைக் கண் மட்டும் கற்றுவிடாது. கையும் கற்றாக வேண்டும். படியெடுப்போர் அதனையே கற்கின்றனர்.

எனினும் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. 1802இல் படைக் கல்லூரி ஒன்றில் கிடைத்த ஓவிய ஆசிரியர் பதவியை மறுத்து, இயற்கையையே ஆசானாகக் கொள்ளத் துணிந்தார். அவ்வாண்டு தீட்டிய டெடம் பள்ளத்தாக்கு ஓவியத்தில் அமைப்பு குளோடினுடையது. மரமும் வானும் தம் ஊருடையவை.

துணிவுக்கு விலையும் கொடுத்தார். போதிய வருவாய் இன்மையாலும், பெண்வீட்டார் எதிர்ப்பாலும், மரியா பிக்னெல் அம்மையாரை மணக்கப் பல்லாண்டு காத்திருந்தார். 1816இல் தந்தையார் மறைந்தார். அவ்வாண்டே திருமணமும் நிகழ்ந்தது. 1821இல் காட்சிக்கு வைத்த வைக்கோல் வண்டி ஓவியம் இலண்டனில் உடனே விலைபோகவில்லை. 1824இல் பாரிசில் அதற்குப் பொற்பதக்கம் கிடைத்தது.

இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்ததே நாம் வியக்கத் தக்கது. 1823இல், 47 வயதில், போமாண்டின் கோலார்ட்டன் மாளிகையில் தங்கி, அவர் மீண்டும் குளோடைப் படியெடுத்தார். மனைவியார் வீடு திரும்புமாறு வேண்டியும் வாரக் கணக்கில் அங்கிருந்தார். பேரோவியம் படைத்த பின்னரும் மாணவனாய் அமர அவர் நாணவில்லை.

1827இல் போமாண்ட் மறைந்தார். மறு ஆண்டு கான்ஸ்டபிள் டெடம் பள்ளத்தாக்கைப் பெரிய கித்தானில் அதே அமைப்பில் மீண்டும் தீட்டினார். அவ்வாண்டு இறுதியில் மரியா அம்மையார் ஏழு குழந்தைகளை விட்டுக் காசநோயால் மறைந்தார். 1829இல் ராயல் அகாடமியின் முழு உறுப்பினர் பதவி வந்தபோது, உடன் மகிழ அவர் இல்லை. 1837 மார்ச்சு 31ஆம் நாள் ஓவியரும் மறைந்தார்.

குளோடின் அச்சிறு படமும், கான்ஸ்டபிளின் வைக்கோல் வண்டியும் இன்று இலண்டன் தேசிய ஓவியக் கூடம் ஒன்றிற்கே உரியவை. ஆசானும் மாணவரும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்ந்துவிட்டனர். ஆதலின் நம் சிறுமியர் பார்த்து வரையட்டும், தடுக்க வேண்டா. வரைந்து முடித்ததும் சன்னலைத் திறந்து நம் காலனி வேப்பமரத்தைக் காட்டுவோம். அடுத்த படம் அதுவாகட்டும்.