கூடாரம் அடித்த டாக்டர்

ஒருவருக்குச் சித்தம் கலங்கினால் திருச்சிக்கு அருகே குணசீலம் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போவது பழைய வழக்கம். 48 நாள் தங்குவார்கள். வீட்டார் துணைக்கு இருப்பார்கள். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் குடும்பங்களுக்கும் தெரிந்த சங்கதிதான் இது.

மனநோய் ஆஸ்பத்திரிகளின் கதை வேறு. நோயாளி உள்ளே, வீட்டார் வெளியே. விட்டுச் சென்ற சொந்தக்காரர்கள் பலர் திரும்பி வருவதே இல்லை.

அந்தக் கதவைத் திறந்துவிட்டவர் டாக்டர் வித்யாசாகர்.

பஞ்சாபில் அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரிக்கு அவர் தலைமை டாக்டர். 1947-ல் நாடு பிரிந்தது. 1950-ல் லாகூர் ஆஸ்பத்திரியிலிருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் அமிர்தசரசுக்கு அனுப்பப்பட்டனர். ஆஸ்பத்திரியில் நெரிசல். கவனிக்க ஆட்கள் போதவில்லை.

டாக்டர் ஒரு வழி கண்டார். ஆஸ்பத்திரி மைதானத்தில் கூடாரங்கள் அடிக்கச் செய்தார். நோயாளியோடு வீட்டாரும் அங்கே தங்கலாம் என்றார். சோறு ஊட்டவும், குளிப்பாட்டவும், இரவில் காவல் இருக்கவும் ஆள் கிடைத்தது.

எதிர்பாராத பலன்

நினைத்தது ஆள் பற்றாக்குறை தீர வேண்டும் என்று. நடந்ததோ அதற்கும் மேல்!

தாயும் மனைவியும் அண்ணனும் பக்கத்தில் இருந்ததால் நோயாளிகள் சீக்கிரம் தெளிந்தனர். இந்த நோய் தீராது என்று நம்பியிருந்த வீட்டார், அது தீர்வதைக் கண்ணாலேயே பார்த்தனர். பயம் போயிற்று. குணமானவரைக் கூச்சமில்லாமல் வீட்டுக்கு அழைத்துச் சென்றனர்.

டாக்டர் வீட்டாரைக் கூட்டி உட்கார வைத்துப் பேசுவார். நோய் எப்படி வருகிறது, நோயாளியிடம் எப்படிப் பேச வேண்டும், வீட்டில் சச்சரவை எப்படித் தவிர்ப்பது என்று விளக்குவார். வைத்தியம் ஒருவருக்கு, மனபாரம் குறைந்ததோ குடும்பம் முழுவதற்கும்!

இதில் கஷ்டமும் உண்டு. துணைக்குத் தங்குபவரின் கூலி போகும். வயல் வேலை நிற்கும். ஊரில் விட்டு வந்த பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும். ஒருவரைக் குணப்படுத்தக் குடும்பமே பாடுபட வேண்டியிருந்தது.

ஆயினும் வழி பரவியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையம் 1957-ல் தொடங்கியது. அங்கும் நோயாளியுடன் வீட்டார் தங்கும் முறை வந்தது. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் உருவானதற்கு அடுத்த ஆண்டு அது.

பின்னாளில் ரோத்தக் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய வித்யாசாகர், 1978-ல் காலமானார். டில்லியில் ஒரு மனநல ஆஸ்பத்திரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்று மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளிலேயே மனநலச் சிகிச்சை கிடைக்கிறது. அங்கே நோயாளியைத் தனியே அனுப்பாமல் வீட்டாரில் ஒருவர் கூடவே போவது நல்லது. நோயாளிக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் அது மருந்து.