போகவந்தலாவையில் உறங்கும் ஒளி ஓவியர்

கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவைப் பற்றிப் படியாமல் நமது பாடசாலைகளில் இலங்கைச் சரித்திரத்தைக் கடந்து வந்தோர் அரியர். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு வழிகோலிய அவ்விருவருள் ஒருவர் சாள்ஸ் ஹே கமரன். ஆயினும், உலகம் இன்று கமரன் என்னும் பெயரை நினைப்பது பெரும்பாலும் அவர் மனைவியாரின் பொருட்டே என்று நான் எண்ணுகின்றேன்.

யூலியா மார்கரெட் 1815ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்தவர். 1838இல் கமரனை மணந்தவர். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பின்னர், நாற்பத்தெட்டாம் வயதில், 1863ஆம் ஆண்டின் இறுதியிலே மகளும் மருமகனும் அளித்த பரிசு ஒன்று அவர் வாழ்வை மாற்றியது. அது ஒரு கமரா. வைட் தீவிலிருந்த அவர் இல்லத்தின் கோழிக்கூடு கண்ணாடிக் கூடமாயிற்று. நிலக்கரி அறை இருட்டறையாயிற்று.

அக்காலத்தில் நிழற்படம் எடுத்தல் எளிய பொழுதுபோக்கன்று. கண்ணாடித் தட்டிலே கொலோடியனைச் சமமாகப் பரப்பி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம் பிடித்து, உலருமுன்னரே துலக்கியும் ஆகவேண்டும். கைகளும் ஆடைகளும் கறுத்துப்போகும். எதிரில் இருப்பவரோ பல நிமிடங்கள் அசையாதிருத்தல் வேண்டும். இன்று ஒரு விநாடியில் நூறு படங்களைக் கைத்தொலைபேசியில் அள்ளிக்கொள்ளும் நம் மாணவருக்கு இது தண்டனையாகவே தோன்றும்.

அவர் படங்களின் மென்மையைக் கண்ட அக்கால நிபுணர்கள் முகஞ்சுளித்தனர். குவியம் தவறியது, தட்டிலே கீறலுண்டு, கைரேகை பதிந்திருக்கிறது என்றெல்லாம் குற்றம் கூறினர். கீறல்களைப் பற்றி நான் வாதிட வரவில்லை. ஆனால், குவியத்தை அவர் அறியாது தவறவிட்டார் என்பதை என்னால் ஏற்க முடியாது. வில்லையைச் சுழற்றி, உருவம் அழகாகத் தோன்றிய இடத்திலே நிறுத்திக்கொண்டார். கூர்மை மிகும்வரை செல்ல அவர் விரும்பவில்லை. கண்ணிலே தெளிவும் தோளிலே மங்கலும் இருந்தால் பார்ப்பவர் கண்ணை நோக்கியே செல்வார். இன்றைய எண்ணிமக் கருவிகள் பின்புலத்தைக் கணக்கிட்டு மங்கச் செய்வது இதே நோக்கத்திற்காகத்தானே!

1867இல் அவர் எடுத்த யோன் ஹேர்ஷலின் படத்தைப் பாருங்கள். நிழற்படத்தை நிலைபெறச் செய்யும் இரசாயனத்தைக் கண்டறிந்த விஞ்ஞானி அவர். அம்மையாரின் நெடுநாள் நண்பர். தூண் இல்லை, திரைச்சீலை இல்லை, புத்தக அடுக்கு இல்லை. சுற்றிலும் இருள். வெளிச்சத்திலே நரைத்த தலைமயிரும் முகச் சுருக்கங்களும் மாத்திரம் எழுகின்றன. தலையே சட்டத்தை நிறைக்கின்றது. வேண்டாதவற்றை நீக்குதலே படக்கட்டமைப்பின் முதற்பாடம் என்று வகுப்பிற் கூறுவதற்கு இதனினும் சிறந்த உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. டார்வினும் டென்னிசனும் கார்லைலும் அவ்வாறே அவர்முன் அமர்ந்தனர்.

1875இல் தம்பதியர் இலங்கைக்குக் குடிபெயர்ந்தனர். புதல்வர் சிலர் இங்கிருந்தனர். கணவருக்குக் கோப்பித் தோட்டங்களும் இருந்தன. அத்தோட்டங்களை இலைநோய் அரித்துக்கொண்டிருந்த காலம் அது. களுத்துறையில் வாழ்ந்தபோதும் அவர் கமராவைக் கைவிடவில்லை. 1877இல் ஓவியர் மரியான் நோர்த் அங்கு வந்தபோது அவரையும் படம்பிடித்தார். எனினும், ஆயிரத்துக்கு மேற்பட்ட அவர் படங்களுள் இலங்கையில் எடுத்தனவாக எஞ்சியவை முப்பதுக்கும் குறைவே.

அவற்றிற் பலவற்றில் இருப்போர் தோட்டத் தொழிலாளரும் பணியாளரும் குடியானவருமாவர். இங்கேதான் என் மனம் தடைப்படுகின்றது. இங்கிலாந்தில் மரியன்னையாக வேடமிட்ட பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயரை நாம் அறிவோம். கடல்கடந்து வந்து மலைநாட்டிலே கோப்பி பறித்த நம்மவர் முகங்களுக்கோ, நான் கண்ட எப்படத்திலும் பெயரில்லை. ஹேர்ஷலுக்குக் காட்டிய அதே பொறுமையோடு சில முகங்களை அவர் நோக்கியிருக்கிறார் என்பதும் உண்மை. பெயரை எழுதி வைக்கவில்லை என்பதும் உண்மை.

1879ஆம் ஆண்டு சனவரி 26ஆந் தேதி டிக்கோயாப் பகுதித் தோட்டத்தில் அவர் காலமானார். போகவந்தலாவைப் புனித மரியாள் ஆலய வளவில் அடக்கஞ் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு கமரனும் அவ்விடத்திலேயே அடக்கமானார்.