யோபுவின் கதையைச் சொன்ன போர்வீரர்

போரில் தோற்றுப் பகைவரிடம் சரணடைந்த வீரனை உலகம் விரைவில் மறந்துவிடும். ஆனால் அத்தகைய ஒருவரின் வாய்மொழியைக் கொண்டே இறைவன் ஒரு புனிதரை உருவாக்கிய வரலாறு நமக்கு மிக அருகிலேயே நிகழ்ந்துள்ளது.

1715ஆம் ஆண்டு பிறந்த எஸ்தாக்கியுஸ் டிலனாய் ஐரோப்பியக் கத்தோலிக்கர். இளம் வயதில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் படையில் சேர்ந்தார். அதே கம்பனி இலங்கையில் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்தது. புனித யோசேப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் இறைமக்களைச் சந்தித்ததும் அந்த ஆட்சியிலேதான்.

1741இல் மிளகு வணிகத்தைக் காக்க, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்கு எதிராகக் கம்பனி இலங்கையிலிருந்து படை அனுப்பியது. அது குளச்சல் கடற்கரையில் இறங்கியது. மன்னரின் படை அதனை முற்றுகையிட்டது. ஆகஸ்ட் மாதத்தில் வெடிமருந்தும் உணவுப் பொருள்களும் தீக்கிரையாகவே, ஒல்லாந்தர் சரணடைந்தனர். கைதானவர்களுள் டிலனாயும் ஒருவர். அப்போது அவருக்கு வயது சுமார் 26.

அவருடைய திறமையைக் கண்ட மன்னர், தம் வீரர்களுக்குப் போர்ப் பயிற்சி அளிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். அவர் உதயகிரிக் கோட்டையைப் புதுப்பித்தார். நெடுங்கோட்டை என்னும் நீண்ட அரணை அமைத்தார். காலப்போக்கில் 'வலிய கப்பித்தான்' என்னும் உயர் பதவியையும் அடைந்தார்.

அக்காலத்தில் நட்டாலத்தைச் சேர்ந்த அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளை அவருக்கு நண்பரானார். அடுக்கடுக்கான இழப்புகளால் அவர் மனமுடைந்திருந்தார். டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். அவர் குருவுமல்லர், வேதியருமல்லர். தாயகத்தையும் சுதந்திரத்தையும் இழந்த படைவீரர். அதனாலேயே அவர் சொல் நண்பரின் உள்ளத்தைத் தொட்டது போலும். 1745 மே மாதத்தில் வடக்கன்குளத்தில் நீலகண்டர் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

சோதனை விரைவிலேயே வந்தது. 1749இல் தேவசகாயம் கைதுசெய்யப்பட்டார். மூன்றாண்டு கொடிய துன்பங்களுக்குப் பின், 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். டிலனாய் எந்த மன்னருடைய படையைப் பயிற்றுவித்தாரோ, அதே மன்னரின் ஆட்சியிலேயே இது நடந்தது. கோட்டைகளைக் கட்டிய கரங்களால் நண்பரைக் காக்க முடியவில்லை. அதன் பின்னரும் 25 ஆண்டுகள் அவர் அந்த அரசிலேயே பணிபுரிந்தார். அநீதியைக் கண்முன்னே கண்டும் தடுக்க இயலாமல் நிற்கும் வேதனை நம் நாட்டவர்க்குப் புதிதன்று.

துயரம் அத்துடன் நிற்கவில்லை. 1765இல் களக்காட்டுப் போரில், இருபது வயதும் நிரம்பாத அவருடைய மகன் யோவான் உயிரிழந்தார். பிறர் பிள்ளைகளுக்குப் போர்க்கலை கற்பித்த தந்தை, தம் பிள்ளையைப் போரிலேயே பறிகொடுத்தார். யோபுவின் கதையை நண்பருக்குச் சொன்னவர், அதனைத் தம் வாழ்விலேயே வாழ வேண்டியதாயிற்று.

1777இல் அவர் மறைந்தார். உதயகிரிக் கோட்டைச் சிற்றாலயத்தில் மனைவி, மகன் ஆகியோரின் கல்லறைகளுடன் அவர் கல்லறையும் உள்ளது. அதில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர் கட்டிய நெடுங்கோட்டையை 1790இல் திப்பு சுல்தானின் படை தகர்த்தது. ஆனால் துயருற்ற நண்பரிடம் அவர் பகிர்ந்த இறைவார்த்தையை எவராலும் தகர்க்க முடியவில்லை. 2022 மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ், தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார்.

அன்பார்ந்தவர்களே, யுத்தத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரும், ஆயுதம் ஏந்திய இளமையின் நினைவுகளைச் சுமந்து வாழ்வோரும் நம் அயலிலேயே இருக்கின்றனர். அவர்களுடைய இழப்பை நம்மால் ஈடுசெய்ய முடியாது. எனினும் அவர்கள் அருகே அமர்ந்து, செவிமடுத்து, நம்பிக்கையூட்டும் ஒரு சொல்லைக் கூறலாம். இந்த வாரம் அத்தகைய ஓர் இல்லத்திற்காவது செல்வோம். துயருறும் ஒருவரைத் தேற்றும் சொல்லை ஆண்டவர் நம் நாவில் அருள்வாராக.